பெரிய டயர் பொருத்திய கரடுமுரடுப் பாதை வண்டிக்குக் கிளட்ச் மாற்றுவோருக்கு ஒரு வழிகாட்டி

கரடுமுரடான பாதைகளுக்கென்று பெரிய டயர் மாட்டிய வண்டியில் கிளட்ச் தேய்ந்துபோனால், அதற்கு எந்தக் கிளட்ச் வாங்குவது என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்வார்கள். விற்பவர்களில் பலர் "இருப்பதிலேயே முரட்டுக் கிளட்ச் எது?" என்ற திசையிலேயே பேச்சைக் கொண்டுபோவார்கள். அந்தக் குழப்பத்துக்குள் நெடுநாள் அலைந்த பிறகு எழுதும் இக்கட்டுரை, கையியக்க கியர்பாக்ஸ் கொண்ட வண்டியை வைத்திருக்கும், முதல்முறையாக இந்த வேலையில் இறங்கும் ஒருவருக்கானது. பெரிய டயர் வண்டியில் கிளட்ச் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் பிடிப்பு போதாமை அன்று, வெப்பம். வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வாங்கும் கிளட்ச், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், முந்தையதன் வழியிலேயே போகும்.

1. பழுது கிளட்ச்சில்தானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

எஞ்சின் நன்றாகச் சூடான பின், ஆளில்லாத சமதளச் சாலையில் உயர்ந்த கியர் ஒன்றில் மெதுவாகச் செல்லும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்துங்கள். எஞ்சின் சுழற்சி விறுவிறுவென ஏறி, வண்டியின் வேகம் அதோடு சேர்ந்து ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். இந்தச் சோதனையே கிளட்ச்சைச் சூடாக்கும் என்பதால் ஓரிரு முறைக்கு மேல் செய்யாதீர்கள். பெரிய டயர் மாட்டிய பின் ஸ்பீடோமீட்டரைத் திருத்தவில்லை என்றால் அது உண்மையான வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும். ஆகவே "இந்த வேகத்துக்கு இத்தனை சுழற்சி" என்ற பழைய நினைவை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ பெடல் கீழேயே தங்கினாலோ, லைனிங் (கிளட்ச் தட்டின் இரு முகங்களிலும் உள்ள உராய்வுப் பொருள்) தேயாமல், பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியே கடத்தும் மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ கசிந்துகொண்டிருக்கலாம். வண்டி கிளம்பும்போது அதிர்ந்தால் எஞ்சின் மவுன்டிங் ரப்பரையும் பாருங்கள். இவை கியர்பாக்ஸை இறக்காமலேயே பார்க்கக்கூடியவை, செலவும் குறைவு. கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் அது வேறு கதை: எண்ணெய் ஊறிய லைனிங் எந்த வகையானாலும் வழுக்கும். எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சீலை மாற்றாமல் புதுக் கிளட்ச் போடுவது வீண்.

2. டயரையும் கியர் விகிதத்தையும் கணக்கில் எழுதுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. என் கருத்தில் இதுதான் முதன்மையானது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்களிலிருந்தே விட்டத்தைக் கணக்கிடலாம். 245/75 ஆர் 16 என்ற டயரின் விட்டம் ஏறத்தாழ 774 மில்லிமீட்டர். 315/70 ஆர் 17 என்றால் 873 மில்லிமீட்டர். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறினால் விட்டம் 1.128 மடங்கு ஆகிறது. ஆக்சிலில் உள்ள கிரவுன்-பினியன் என்ற இறுதிப் பற்சக்கர இணையின் விகிதம் 4.10 என்றால், புதிய டயருடன் அது 3.63 போலவே நடந்துகொள்ளும். அதாவது, உங்கள் முதல் கியர் முன்பிருந்த முதல் கியர் அன்று. அதைவிட வேகமான, இழுவை குறைந்த ஒன்று.

கிளட்ச்சின் மீது இதன் விளைவு பலரும் எண்ணுவதைவிடக் கடுமையானது. வண்டியை நிலையிலிருந்து கிளப்பும்போது கிளட்ச்சில் வெப்பமாகும் ஆற்றல், டயரின் ஆரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும், மொத்த கியர் விகிதத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். ஆகவே 1.128 மடங்கு டயர் என்பது ஒவ்வொரு கிளப்பலிலும் ஏறத்தாழ 27 சதவீதம் கூடுதல் வெப்பம். ஓர் உதாரணம் பார்ப்போம். 2,500 கிலோ எடையுள்ள வண்டி, முதல் கியர் விகிதம் 4.0, ஆக்சில் 4.10, எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் இருக்கும்போது சமதளத்தில் கிளப்புகிறோம் என்று கொள்வோம். பழைய டயரில் ஏறத்தாழ 17 கிலோஜூல் வெப்பம் கிளட்ச்சில் இறங்கும். பெரிய டயரில் 22 கிலோஜூல். ஏற்றம், மணல், சேறு, டயரின் கூடுதல் எடை எல்லாம் இதற்கு மேல்தான் சேரும்.

அதே பெரிய டயருடன், ட்ரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) 2.72 விகிதமுள்ள லோ ரேஞ்சில், அதாவது எல்லாக் கியரையும் இன்னும் தாழ்த்தும் நிலையில், போட்டுக் கிளப்பினால், அந்த 22 கிலோஜூல் 3 கிலோஜூலாகக் குறைகிறது. ஏழில் ஒரு பங்குதான். சந்தையில் எந்தக் கிளட்ச்சும் இவ்வளவு பெரிய நன்மையைத் தராது. ஆகவே, புதுக் கிளட்ச்சுக்கான பணத்தை எடுத்துவைக்கும் முன், உங்கள் டயருக்கு ஏற்றபடி கிரவுன்-பினியனை மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். மேலே சொன்ன வண்டிக்கு 4.56 விகிதம் பொருத்தினால் பழைய நிலைக்கு மிக அருகில், அதாவது 4.04-க்குச் சமமாக வரும், 4.88 பொருத்தினால் 4.33-க்குச் சமமாகி, டயரின் கூடுதல் எடைக்கும் ஓர் ஈடு கிடைக்கும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியில் முன், பின் இரண்டு ஆக்சிலிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும் என்பதால் செலவு இரட்டிப்பாகும். அந்தச் செலவை இப்போது தாங்க முடியாதவர்கள், கடினமான ஏற்றங்களிலும் ரிவர்ஸிலும் லோ ரேஞ்சைத் தயங்காமல் பயன்படுத்தும் பழக்கத்தையாவது ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பகுதிநேர நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளில் இதைத் தார்ச்சாலையில் செய்தால், திருப்பங்களில் முன், பின் அச்சுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பாகங்களை வருத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. எவ்வளவு தாங்குதிறன் தேவை என்று கணக்கிடுங்கள்

கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை நான்கு எண்களின் பெருக்கல்: பிரஷர் பிளேட் (கிளட்ச் தட்டை, எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தும் பாகம்) அழுத்தும் விசை, லைனிங்கின் உராய்வுக் குணகம், உராயும் வளையத்தின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. ஒற்றைத் தட்டுக் கிளட்ச்சில் முகங்கள் இரண்டு. 8,000 நியூட்டன் அழுத்தம், 0.3 குணகம், 100 மில்லிமீட்டர் ஆரம் என்றால் 480 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். உங்கள் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 350 என்றால் இது 1.37 மடங்கு, தாளில் பார்க்கும்போது தாராளமானதுதான். ஆனால் மீண்டும் மீண்டும் ஹாஃப் கிளட்ச்சில் நின்று லைனிங் சூடேறி, குணகம் 0.2-க்கு இறங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். தாங்குதிறன் 320-க்கு வந்துவிடும். அதே கிளட்ச் இப்போது எஞ்சினுக்கே போதாது. வழுக்கும், வழுக்குவதால் இன்னும் சூடேறும். காலையில் ஒழுங்காக இருந்த கிளட்ச் நண்பகல் ஏற்றத்தில் கைவிடுவது இப்படித்தான்.

பாதைக்கு வெளியே ஓடும் வண்டிக்கு, எஞ்சினின் உச்ச முறுக்குவிசையைப் போல 1.4 முதல் 1.6 மடங்கு வரையிலான தாங்குதிறனை நான் நியாயமானதாகக் கருதுகிறேன். எஞ்சினின் திறனைக் கூட்டியிருந்தால், கூட்டிய பிறகுள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்குக்கு மேல் போவது பெரும்பாலானவர்களுக்குத் தேவையற்றது. டயர் பாறையிடுக்கில் சிக்கி நிற்கும்போது கொஞ்சம் வழுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் கிளட்ச்சின் வேலை. அது வழுக்கவே மறுத்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் யுனிவர்சல் ஜாயின்ட்டுக்கும் ஆக்சில் ஷாஃப்ட்டுக்கும் போகும். ஏற்கெனவே பெரிய டயர் அவற்றின் மீது கூடுதல் சுமையை ஏற்றியிருக்கிறது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. பட்டியலில் அச்சிட்ட தாங்குதிறன் ஃப்ளைவீலில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா என்று பலர் சொல்வதில்லை; அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அலகையும் பாருங்கள்: ஒரு பவுண்டு-அடி என்பது 1.356 நியூட்டன் மீட்டர் என்பதால், அலகு மாறிப் படித்தால் கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறிவிடும். தாங்குதிறனைக் குறிக்கத் தயாரிப்பாளர்கள் சூட்டும் "ஸ்டேஜ் 1", "ஸ்டேஜ் 2" என்ற பெயர்களுக்குப் பொதுவான தரம் எதுவும் இல்லை. ஒரு தயாரிப்பாளரின் ஸ்டேஜ் 2 இன்னொருவரின் ஸ்டேஜ் 1-ஐவிட மென்மையாக இருக்கலாம்.

4. லைனிங் எதனால் ஆனது என்று பாருங்கள்

ஆர்கானிக் லைனிங் மென்மையாகப் பிடிக்கும், பெடலின் ஒவ்வொரு நூலிழை அசைவுக்கும் அளவாக இணங்கும், ஃப்ளைவீலைக் கெடுக்காது. பாறைகளுக்கிடையே அங்குலம் அங்குலமாக நகர்த்தும் வேலைக்கு இந்தக் குணம்தான் தேவை. அதிக வெப்பத்தில் பிடிப்பைத் தற்காலிகமாக இழப்பது இதன் குறை. மிதமான சூடேற்றத்துக்குப் பின் ஆறினால் பெரும்பாலும் மீண்டுவிடும், கருகிவிட்டால் மீளாது.

கெவ்லார் போன்ற அரமிட் இழை லைனிங் நீண்ட நாள் உழைக்கும், பிடிப்பும் மென்மையானதே. ஆனால் பழக்கும் காலத்தில் பொறுமை கட்டாயம். தொடக்கத்திலேயே அதிகம் சூடாகிப் பளபளப்பேறிவிட்டால் பழைய பிடிப்பு திரும்புவது அரிது.

செராமிக் அல்லது சின்டர் செய்த உலோக லைனிங், வழக்கமாகத் தனித்தனிக் கட்டிகளாக வட்டில் பதிக்கப்பட்டிருக்கும். வெப்பத்தை மிக நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. அதனால்தான் "பெரிய டயரா, செராமிக் போடுங்கள்" என்ற ஆலோசனை இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது பிடித்தால் முழுவதும் பிடிக்கும், விட்டால் முழுவதும் விடும். இடைநிலை என்பது மிகக் குறுகியது. ஒரு செங்குத்தான பாறையின் விளிம்பில் வண்டியை ஒரு சாண் மட்டும் முன்னே நகர்த்த வேண்டிய இடத்தில் அந்தக் குணம் அதிர்வாகவும், குதிப்பாகவும், உடைந்த பாகங்களாகவும் வெளிப்படும். ஃப்ளைவீலின் முகத்தையும் வேகமாகத் தின்னும். எஞ்சின் திறனை வெகுவாகக் கூட்டி, மணலிலும் சேற்றிலும் உயர்ந்த சுழற்சியில் ஓட்டுபவர்களுக்கும், கியர் விகிதத்தைப் போதிய அளவு தாழ்த்திவிட்டவர்களுக்கும் அது பொருந்தும். ஒரு முகம் ஆர்கானிக், மறுமுகம் செராமிக் என்று இரண்டையும் கலந்த தட்டுகளும் உண்டு; நடுத்தரமான தேர்வு, செராமிக்கின் முரட்டுத்தனம் ஓரளவு மிஞ்சும்.

அன்றாடப் பயன்பாட்டுக்கும் வார இறுதிப் பயணங்களுக்கும் ஒரே வண்டியை வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை: முழு வளையமாக அமைந்த, கனரக ஆர்கானிக் லைனிங்.

5. பிரஷர் பிளேட்டைத் தேர்ந்தெடுங்கள்

அழுத்தம் கூடினால் தாங்குதிறன் கூடும், பெடலும் கனக்கும். பெடல் கனத்தால் சோர்வது கால் மட்டுமில்லை: மாஸ்டர் சிலிண்டர், ரிலீஸ் பேரிங், கிளட்ச் ஃபோர்க், கிராங்க் ஷாஃப்ட்டின் த்ரஸ்ட் பேரிங் ஆகிய அனைத்தும் அந்தச் சுமையை வாங்குகின்றன. மூல அழுத்தத்தைவிட மிதமான உயர்வோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சில பிரஷர் பிளேட்டுகளில் சுழலும்போது வெளிப்புறமாக விலகி அழுத்தத்தைக் கூட்டும் எடைகள் இருக்கும். அவை உயர்ந்த சுழற்சியில் உதவுமே தவிர, ஐட்லிங்கை ஒட்டிய சுழற்சியில் தவழும் வண்டிக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. இருக்கும் பிளேட்டை விட்டு, அதைவிடப் பெரிய விட்டமுள்ள கிளட்ச் அதே ஃப்ளைவீலில் பொருந்துமானால், அதுவே சிறந்த வழி: பெடலைக் கனக்கச் செய்யாமலே தாங்குதிறன் கூடும், வெப்பத்தை வாங்கும் இரும்பும் கூடும்.

தட்டின் நடுவில் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் உள்ள ஹப்பையே கேளுங்கள். ஸ்பிரிங் இல்லாத திண்ம ஹப் பந்தய வண்டிக்குரியது.

6. ஃப்ளைவீலை முடிவு செய்யுங்கள்

எடை குறைந்த ஃப்ளைவீல் என்று யாராவது ஆசை காட்டினால் விலகி நில்லுங்கள். மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் அணைந்துபோகாமல் காப்பது கனமான ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றல். கனமான ஃப்ளைவீல் வெப்பத்தையும் கூடுதலாக உள்வாங்கும்.

பழையதையே பயன்படுத்துவதானால், அதன் முகத்தைக் கிரைண்டிங் செய்ய வேண்டும். நீலம் பாரித்த புள்ளிகள், நுண்விரிசல்கள் தெரிந்தால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட குறைந்தபட்சத் தடிமனுக்குள் அவை நீங்குமா என்று பட்டறையில் கேளுங்கள். சில ஃப்ளைவீல்களில் உராயும் முகமும் பிரஷர் பிளேட் அமரும் முகமும் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் கடைந்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் அழுத்தம் மாறிவிடும். கடைபவரிடம் இதை வாயால் சொல்வது போதாது, வேலைச்சீட்டில் எழுதுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது இரட்டை நிறை ஃப்ளைவீல் (இரு பகுதிகளுக்கிடையே ஸ்பிரிங் வைத்து அதிர்வைக் குறைக்கும் வகை) என்றால் அது தனிக் கணக்கு. பெரும்பாலும் அதைக் கடைய முடியாது; ஆட்டம் அளவுக்கு மீறியிருந்தால் முழுவதும் மாற்ற வேண்டியதுதான். ஒற்றை நிறைக்கு மாற்றும் தொகுப்புகள் விலை குறைவு, கடினமான பயன்பாட்டைத் தாங்கும். ஆனால் ஐட்லிங்கில் கியர்பாக்ஸ் கடகடக்கும், டீசல் எஞ்சினில் அது இன்னும் அதிகம். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் மட்டும் மாறுங்கள்.

7. ஆர்டர் கொடுக்கும் முன் திரட்ட வேண்டிய விவரங்கள்

சேஸிஸ் எண், எஞ்சின் எண், தயாரிப்பு மாதமும் ஆண்டும், கியர்பாக்ஸின் குறியீடு, ஆக்சில் விகிதம், டயர் அளவு, முழுச் சுமையுடன் வண்டியின் எடை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி விற்பவரிடம் கொடுங்கள். ஒரே மாடலில் ஆண்டின் நடுவே கிளட்ச்சின் விட்டமோ ஸ்ப்லைன் (தட்டின் நடுத்துளையில் உள்ள பற்கள்) எண்ணிக்கையோ மாறியிருப்பது புதிதன்று. பழைய வண்டியைக் கைமாறி வாங்கியவர்கள் சேஸிஸ் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. எஞ்சினோ கியர்பாக்ஸோ முன்பே மாற்றப்பட்டிருந்தால் அந்த எண் தவறான பாகத்தையே காட்டும். ஐயம் இருந்தால், பழைய தட்டு வெளியே வந்த பின் அதன் விட்டத்தையும் ஸ்ப்லைன் பற்களையும் எண்ணிப் பார்த்த பிறகே புதுப் பெட்டியின் உறையைக் கிழியுங்கள். பயன்படுத்திய அடையாளம் பட்டால் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்கமாட்டா.

உத்தரவாத அட்டையை வாங்கும் முன்பே படியுங்கள். போட்டி, பாதைக்கு வெளியேயான பயன்பாடு, வழுக்கியதால் கருகியது ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்ற வரிகள் அதில் வழக்கமாக இருக்கும். அளவுமீறிய டயர் குறித்தும் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

8. செலவையும் நாளையும் திட்டமிடுங்கள்

இந்த வேலையில் பெரும் பங்கு கூலிக்கே போகிறது. கியர்பாக்ஸோடு ட்ரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட், குறுக்குச் சட்டம் எல்லாம் இறங்க வேண்டியிருப்பதால், இரு சக்கர இயக்க வண்டியைவிட நேரம் கூடும். ஒரு முழு வேலைநாளாவது ஒதுக்குங்கள். அத்தனையும் இறங்கியிருக்கும் நேரத்தில் சிறு பாகங்களில் மிச்சம் பிடிப்பது அறிவன்று. ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல், தேய்ந்திருந்தால் ஃபோர்க்கும் அதன் பிவட்டும், பெல் ஹவுசிங்குக்கு உள்ளே இருக்கும் வகையானால் ஸ்லேவ் சிலிண்டர், ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய வகையானால் ஃப்ளைவீல் போல்ட்டுகள் என எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள்.

எல்லாப் பாகங்களும் கைக்கு வந்து, பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே வண்டியைப் பட்டறையில் விடுங்கள். ஃப்ளைவீலைக் கடையும் பட்டறைக்கு எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டியே கேட்டு நாள் குறியுங்கள். வண்டி தாங்கிகளின் மேல் காத்திருப்பது பெரும்பாலும் இந்த ஒரு பாகத்துக்காகத்தான். பயணத்துக்கு முந்தைய வாரம் கிளட்ச் மாற்றுவது தவறான திட்டம். பழக்குவதற்கு நாள் வேண்டும்.

9. பொருத்தும்போது உடனிருந்து பார்க்க வேண்டியவை

தட்டு இன்புட் ஷாஃப்ட்டில் தடையின்றிச் சறுக்குகிறதா என்று முதலில் வெறுமனே மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று குறித்திருக்கும். திருப்பிப் போட்டால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். லைனிங்கில் கிரீஸ் கை படக் கூடாது. ஸ்ப்லைனுக்குத் தேவையான கிரீஸ் மிகச் சிறிதளவுதான். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக, டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். கியர்பாக்ஸைத் தட்டின் மேல் தொங்கவிட்டு வைத்தால் ஹப் வளைந்துவிடும். சரியாக உட்காராதபோது போல்ட்டை இறுக்கி இழுத்து உட்காரவைப்பதும் அப்படியே.

பழைய பாகங்களையும் கடைந்த ஃப்ளைவீலையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிரைண்டிங் ரசீது, பாகங்களின் பில், கூலி பில் ஆகியவற்றில் ஓடோமீட்டர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதம் கேட்கப் போகும்போது முதலில் கேட்கப்படுவது ஃப்ளைவீல் கடையப்பட்டதா என்பதுதான்.

10. பழக்குங்கள்

தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் ஒழிய, 800 கிலோமீட்டர் வரை அடிக்கடி கியர் மாற்ற நேரும் சாதாரணச் சாலை ஓட்டமே நல்லது. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடிய தூரம் இதில் சேராது. லைனிங்கைப் படியவைப்பது கிளட்ச் பிடித்து விடும் எண்ணிக்கையே. இந்தக் காலத்தில் சுமை இழுப்பதும், சிக்கிய வண்டியை மீட்பதும், முழு ஆக்சிலேட்டரும் கூடாது. திருத்தாத ஓடோமீட்டர் பெரிய டயரில் குறைவாகவே எண்ணும்: மேலே சொன்ன டயர் அளவில் அது 710 காட்டும்போதே உண்மையில் 800 ஓடியிருப்பீர்கள்.

பழக்கி முடித்ததும் பெடலின் விளையாட்டு அளவையும் (கிளட்ச் விலகத் தொடங்கும் முன் பெடல் வெறுமனே இறங்கும் தூரம்), ஹைட்ராலிக் எண்ணெயின் மட்டத்தையும், பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதியையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் வண்டியின் பெல் ஹவுசிங்கில் நீர் புகாமல் அடைக்கும் திருகாணி இருந்தால், ஆற்றைக் கடக்கும் முன் அதைப் போட்டு, கடந்த பின் கழற்றி உள்ளே தங்கிய நீரை வடித்துவிடுங்கள். நனைந்த கிளட்ச்சோடு வண்டியை நாள்கணக்கில் நிறுத்தினால் துருவால் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் சிறிது தூரம் ஓட்டி, சிலமுறை கிளட்ச் போட்டு விட்டு உலர்த்திய பிறகே நிறுத்துங்கள்.